வீட்டுக்குப் பொருந்தாத சட்டம்

1885ஆம் வருஷத்து இந்தியத் தந்திச் சட்டத்தில் 26ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. துறையில் வேலை பார்ப்பவர் யாராவது தன் கைவழியாகப் போகிற செய்தியை வெளியே விட்டால் 3 வருஷம் வரை சிறை, இல்லையென்றால் அபராதம், இல்லையென்றால் இரண்டும். திருநெல்வேலி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் போர்டில் நாங்கள் உட்கார்ந்த காலத்தில், பிளக்கை எந்த ஓட்டையில் செருகுவது என்பதற்கு முன்னால் சொல்லித் தந்தது இதைத்தான்.

அப்போதெல்லாம் பம்பாய்க்கு ஆர்டினரி கால் புக் பண்ணினால் காலையில் கேட்டது சாயங்காலம் கிடைத்தால் உண்டு. அவசரமென்றால் அர்ஜெண்ட், இரண்டு பங்குக் காசு. தலைபோகிற அவசரமென்றால் லைட்னிங், எட்டுப் பங்கு. லைட்னிங் என்று சீட்டு வந்தாலே போர்டில் இருக்கிறவர்களுக்குப் புரிந்துவிடும்: சாவாக இருக்கும், அல்லது சரக்கு விலை ஏறியிருக்கும். லைன் தெளிவாக இருக்கிறதா என்று நடுவில் ஒரு தடவை கேட்டுப் பார்க்க வேண்டும். மூன்று நிமிஷம் முடிந்ததைச் சொல்ல உள்ளே நுழையவும் வேண்டும். அந்தச் சந்தில் காதில் விழுந்தது கொஞ்சமா? தாராவியில் இருக்கிற மகன் இந்த மாதம் ஏன் பணம் அனுப்பவில்லை, பாளையங்கோட்டையில் பேசி முடித்த சம்பந்தம் ஏன் முறிந்தது, யார் யாரிடம் கடன் வாங்கியிருக்கிறார்கள், எல்லாம் விழும். எங்கள் தெருக்காரர்கள் சமாசாரமும் உண்டு. மறுநாள் குழாயடியில் அவர்கள் பக்கத்திலேயே குடத்தோடு நிற்பேன். வாயைத் திறந்ததில்லை. வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. பணிநிறைவு விழாவில் மாலை போட்டவர்கள் என் வாயடக்கத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

அந்த வாய் இப்போது எங்கே போனதென்று வீட்டில் எல்லோரும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பேத்தி அரைப்பரீட்சையில் கணக்கில் 41 வாங்கினாள். ரிப்போர்ட் கார்டு வர ஒரு வாரம் இருக்கும்போது என்னிடம் மட்டும் சொல்லி அழுதாள். "ஆச்சி, அம்மைக்குத் தெரியாண்டாம்" என்றாள். நான் ஏன் சொல்லப்போகிறேன்? அன்று ராத்திரி மருமகள் அவளை ஏதோ தட்டைக் கழுவாததற்காகத் திட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குப் பரிந்து பேசவேண்டுமே என்று நான் போய், "எதுக்கும்மா அவளை வையுத? ஏற்கனவே 41-னு மனசு ஒடைஞ்சு போயிருக்கா" என்றேன். மருமகள் திட்டுவதை நிறுத்திவிட்டாள். "என்ன 41?" என்று கேட்டாள். பேத்தி என்னைப் பார்த்த பார்வைக்கு மூன்று வருஷச் சிறையே தேவலை.

மகள் விஷயம் இதைவிட மோசம். பெங்களூரிலிருந்து போன் பண்ணி, நாள் தள்ளியிருக்கிறது, மூன்று மாதம் முடியும்வரை யாருக்கும் சொல்லக்கூடாது, அவள் மாமியாருக்கும்கூட, அவர் மகனே நேரில் வந்து சொல்லப்போகிறார் என்றாள். சத்தியமாக நான் சொல்லவில்லை. சம்பந்தியம்மா வேறெதற்கோ பேசினார். நான் அளந்து அளந்துதான் பேசினேன். போனை வைக்கும்போது, "மதினி, மாப்பிள்ளைகிட்ட ஸ்கூட்டரைக் குழி பாத்து ஓட்டச் சொல்லுங்க, பப்பாளி வாங்கிட்டு வர வேண்டாம்னும் சொல்லுங்க" என்றேன். இவ்வளவுதான். அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. மூன்று பிள்ளை பெற்றவருக்கு இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்?

அன்றைக்கு மனசு கேட்காமல் வீட்டுக்காரரிடமும் சொல்லப் போனேன். அது தனிக் கதை. அவருக்குக் காது மந்தம். காது மிஷின் வாங்கி வைத்திருக்கிறது, பெரும்பாலும் பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கும். அவரிடம் ரகசியம் சொல்வதென்றால் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு கத்தவேண்டும். நான் கத்தினேன். அவர் அதைவிடச் சத்தமாக, "யாருக்கு? எத்தனை மாசம்?" என்று கேட்டார். மாடிக் குடித்தனக்காரம்மா சாயங்காலம் கிண்ணத்தில் பால்பாயசம் கொண்டுவந்தார்.

இதெல்லாம் வாயால் வந்தது. கையால் வந்தது களி விவகாரம்.

எங்களுக்கு வாட்ஸப்பில் இரண்டு குழு. ஒன்றில் எல்லோரும் இருப்பார்கள். மற்றொன்றில் நானும் என் தங்கைகளும் மட்டும். பேத்திக்கு இடுப்பெலும்புக்குப் பலமாக இருக்கட்டும் என்று மருமகள் ஒருநாள் ஆபீஸ் போகுமுன் உளுந்தங்களி கிண்டினாள். கருப்பட்டிப் பாகு கொதிக்கும்போது மாவைத் தூவி, கைவிடாமல் கிண்டி, நல்லெண்ணெயை அவ்வப்போது விட்டு, ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்கவேண்டும். அவளுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தண்ணீர் குறைந்துவிட்டது. நான் தங்கைகளுக்கு ஒரு குரல்பதிவு போட்டேன்: "இன்னைக்கு எங்க வீட்டுக் களியைப் பாக்கணுமே, கொத்தனார் யாரும் வந்தா செவரு பூசிட்டுப் போயிருவான்."

போட்டது பெரிய குழுவில்.

பார்த்தவுடன் பதறிவிட்டேன். அழிக்கலாம் என்று தெரியும். அழுத்திப் பிடித்தேன், குப்பைத்தொட்டிப் படம் வந்தது, தொட்டேன், ஏதோ இரண்டு மூன்று வரி கேட்டது. கண்ணாடி வேறு கையில் இல்லை. முதலில் கைக்குப் பட்டதைத் தொட்டேன். பதிவு மறைந்துவிட்டது. நிம்மதியாகக் காப்பி போட்டுக் குடித்தேன். ராத்திரி பேத்திதான் விளக்கினாள்: நான் தொட்டது 'டெலிட் ஃபார் மீ'. அதாவது என் போனில் மட்டும் இல்லை. மற்ற எல்லோர் போனிலும் கொத்தனார் பத்திரமாக இருக்கிறார். எனக்குத்தான் இனி அதைத் தொடவும் முடியாது. குற்றவாளியின் கண்ணுக்கு மட்டும் சாட்சியத்தை மறைக்கிற இந்த ஏற்பாட்டை யார் எதற்காகக் கண்டுபிடித்தார்களோ.

மருமகள் சண்டை போட்டிருந்தால் தேவலை. மறுநாள் காலையில் அடுப்படிக்குள் வந்து மிக மரியாதையாக, "அத்தை, களிக்கு எவ்வளவு தண்ணி வைக்கணும்னு சொல்லித் தாங்க. கொத்தனாரைக் கூப்பிடாம நாமளே முடிச்சிரலாம்" என்றாள். நான் சொல்லித் தரக் கிண்டினேன். எப்போதும் கண்திட்டத்தில் போடுகிறவள், அன்று படபடப்பில் தண்ணீரை அதிகமாக வைத்துவிட்டேன். களி கரண்டியில் நிற்கவில்லை. இரண்டு பேரும் பேசாமல் அதைக் கஞ்சி என்று பெயர் மாற்றிக் குடித்தோம்.

நவம்பர் வந்தது. பென்ஷன்காரர்கள் உயிரோடிருக்கிறோம் என்று வருஷா வருஷம் காட்டவேண்டிய மாதம். 2014இல் ஜீவன் பிரமாண் வந்ததிலிருந்து விரல்ரேகை வைத்தால் போதும் என்றார்கள். என் விரல்ரேகை வரவர மங்கிப்போய் மெஷினுக்குப் பிடிபடுவதில்லை. இப்போது முகத்தையே போனில் காட்டலாம், கண்ணை மட்டும் சிமிட்டவேண்டும். பேத்தி போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சிமிட்டினேன், ஏற்கவில்லை. வேகமாகச் சிமிட்டினேன், ஏற்கவில்லை. இறுக்க மூடித் திறந்தேன், முகம் வட்டத்துக்கு வெளியே போய்விட்டதாம். "ஆச்சி, 41-ஐச் சொன்ன வாய் இருக்குல்ல, அதைக் காட்டச் சொன்னா இந்நேரம் முடிஞ்சிருக்கும்" என்றாள். சிரித்துக்கொண்டே சிமிட்டியதில் ஏற்றுக்கொண்டது.

இந்த நிலைமையில்தான் மருமகள் ஒருநாள் மத்தியானம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கல்லூரித் தோழிகள் கொச்சிக்கு மூன்று நாள் போகிறார்களாம். பாலருவி எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுக்கப்போகிறார்கள். தனக்கும் ஆசை, என் மகனிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது என்றாள். "யார்கிட்டயும் சொல்லாதீங்க, அத்தை." என்னை நம்பி ஒருத்தி சொல்கிறாளே என்று எனக்குக் கண் கலங்கியது. இந்தத் தடவை 26ஆம் பிரிவுதான் என்று முடிவு செய்தேன். மகன் வந்து, "என்னம்மா, அவ ஒரு மாதிரி இருக்கா, ஏதும் சொன்னாளா?" என்று கேட்டான். "ஒண்ணும் சொல்லலையே" என்றேன். எக்ஸ்சேஞ்சில்கூட அத்தனை கம்பீரமாகப் பொய் சொன்னதில்லை.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுகிறது. தோழிகள் எடுத்துவிட்டார்கள். மிச்ச பெர்த்தும் தீர்ந்து, வெயிட்டிங் லிஸ்ட் வந்துவிட்டது. மருமகள் அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அத்தை, நெசமாவே நீங்க யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொல்லலைம்மா" என்றேன். வீட்டுக்காரரிடம் அன்று ராத்திரியே சொல்லியிருந்தேன். அதிசயமாக அன்றைக்குப் பார்த்து மிஷினை மாட்டியிருந்தார். மெதுவாகச் சொன்னதே போதுமாக இருந்தது.