டிரிப் மாமா

மலையகத்தில் எந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தாலும் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கும், ஒரு கொழுந்து மடுவம் இருக்கும், ஒரு டிரிப் மாமாவும் இருப்பார். அவரை யாரும் நியமித்ததில்லை. தோட்டத் தலைவரும் அவரில்லை, கோயில் கமிட்டியிலும் அவர் பெயர் இருக்காது. ஆனால் தோட்டத்திலிருந்து ஒரு பஸ் வெளியே போகிறதென்றால் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு அவருடையது. மடியில் ஒரு அப்பியாசக் கொப்பி. அதில் பெயர், ஆள் கணக்கு, முற்பணம், பாக்கி. பாக்கிப் பக்கம் மட்டும் எப்போதும் கொஞ்சம் தடிப்பாக இருக்கும்.

வயது அறுபதுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ. தோட்டத்தில் பேர் வெட்டி, சேமலாப நிதியை எடுத்து, அதில் பாதியை மகள் கல்யாணத்துக்கும் மீதியைக் காம்பராவுக்குத் தகரம் மாற்றவும் செலவழித்தவர். கோட், மப்ளர், குரங்குத் தொப்பி மூன்றும் பனிக்காலத்து உடுப்பு என்று நினைப்பவர்கள் அவரைக் கதிர்காமத்தில் பார்க்க வேண்டும். கொதிக்கிற வெயிலில் தொப்பி மடித்துச் சட்டைப் பையில் இருக்கும். கேட்டால், “திரும்புறப்ப எல்லயில வேணும்டா” என்பார்.

உலகத்தார் மலைநாட்டைப் பார்க்க வருகிறார்கள்; மாமா மலைநாட்டிலிருந்து வெளியே எதையாவது பார்க்கப் போகிறார். இந்த இரண்டு கூட்டமும் சந்திக்கிற இடம் நானுஓயா ஸ்டேஷன். 1885-இல் ரயில் அங்கே வந்து சேர்ந்த நாளிலிருந்து இந்தச் சந்திப்பு நடக்கிறது என்று நினைக்கிறேன். வெள்ளைக்காரப் பிள்ளைகள் பெட்டி வாசலில் தொங்கிக்கொண்டு போட்டோ எடுப்பார்கள். மாமா ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, யாரோ ஒரு பிள்ளையின் பழைய கணக்குக் கொப்பித் தாளில் சுற்றிய இறால் வடையைப் பிரித்துக்கொண்டிருப்பார். பட்டிப்பொல நாட்டிலேயே உயரமான ஸ்டேஷன், 1,891 மீட்டர் என்று பலகையில் எழுதியிருக்கிறது. அவருக்கு அதெல்லாம் தெரியும். “பட்டிப்பொலைக்கு முந்தித் தின்னுறணும். அதுக்கு மேல வடை ஆறிப்போயிரும்” என்பதுதான் அந்த உயரத்தைப் பற்றி அவருக்குள்ள கருத்து.

“வெளிய பாருங்க மாமா, எவ்வளவு அழகு!” என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தேன்.

“அந்தப் பச்சையில முப்பத்தெட்டு வருசம் நின்னாச்சு. அவங்க பாக்கட்டும் பாவம், அவங்க ஊர்ல இல்லையாம்.”

மாமாவுக்குக் காலண்டர் தேவையில்லை. மாசியில் மாத்தளை முத்துமாரியம்மன் தேர். ஐந்து தேர் வரும். முதல் தேருக்கும் ஐந்தாம் தேருக்கும் நடுவில் எந்தத் தெருவில் எந்தத் தண்ணீர்ப்பந்தலில் மோர் கெட்டியாக இருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். மன்னாரில் இறங்கிக் காடு வழியே நடந்து வந்த கோப்பிக் காலத்துச் சனம் முதலில் மூச்சு விட்ட ஊர் மாத்தளை என்று பெரியவர்கள் சொல்வார்கள். மாமா அந்தக் கதையையும் சொல்லுவார், மிக உருக்கமாக. சொல்லி முடிக்கும்போது கையில் மோர் இருக்கும்.

சித்திரை வந்தால் அவருக்கு ஊரிலேயே வேலை. ஏப்ரல் முழுக்க நுவரெலியாவில் வசந்தகாலம். கொழும்புக்காரர்கள் கையுறை வரைக்கும் போட்டுக்கொண்டு வந்து, கிரகரி வாவியைச் சுற்றி, அவித்த சோளத்தைக் கடித்துக்கொண்டு நடக்கிற மாதம். குதிரைப் பந்தயம், கார்ப் பந்தயம், விக்டோரியா பூங்காவில் மலர்க் கண்காட்சி. தோட்டத்துப் பிள்ளைகளை ஒரு நாள் அங்கே கூட்டிப்போவது மாமாவின் பொறுப்பு. 1873-இல் கவர்னர் கிரகரி ஆற்றை மறித்துக் கட்டிய வாவி இது என்று பிள்ளைகளுக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தபோது மாமா குறுக்கிட்டார். “குதிரைக்குக் காசு, போட்டுக்குக் காசு, ஒண்ணுக்குப் போனாலும் காசு. யாரும் எதுலயும் ஏறாதீங்க, எதுக்கும் போகாதீங்க. ஐஸ் பழம் மட்டும் நான் வாங்கித் தாரேன்.” பிள்ளைகள் எனக்குத் தராத கவனத்தை அவருக்குத் தந்தார்கள்.

வைகாசி பிறந்து தென்மேற்கு மழை இறங்கினால் ஹட்டன் பக்கம் பஸ் பேச்சே எடுக்க முடியாது. விடிந்தும் விடியாத மாதிரி, பெய்தும் பெய்யாத மாதிரி ஒரு சாரல், ஆவணி வரைக்கும். கொங்காணி காயாது, விறகு பற்றாது. இந்தப் பருவத்தில் மாமா இஸ்தோப்பில் சாக்கைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். என்னைக் கேட்டால், அவருடைய உண்மையான பயணங்கள் இந்த இஸ்தோப்பிலிருந்துதான் கிளம்புகின்றன என்பேன்.

உள்ளே மாமி ரொட்டி சுடுவார். கோதுமை மாவும் திருவின தேங்காயும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, உருண்டையை வாழை இலைத் துண்டில் வைத்து உள்ளங்கையால் தட்டி, தட்டில் போட்டால் ஓரம் கருகாமல் நடுவில் மட்டும் கரும்புள்ளி விழ வேண்டும். தோட்டத்து ரொட்டி மெல்லியதாக இருக்கக்கூடாது. ஒன்று தின்றால் பத்து மணித் தேத்தண்ணி வரைக்கும் மலையில் நிற்க வேண்டுமே. அம்மியில் செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், மாசி, உப்பு. கடைசியில் தேசிக்காய் பிழிந்து கட்டச் சம்பல். மாமா தேத்தண்ணி குடிக்கிற விதத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். கோப்பையில் சீனி போட விடமாட்டார். இடது உள்ளங்கையில் அரைக் கரண்டி சீனி. நாக்கு நுனியால் ஒரு ஒற்று, உடனே ஒரு மிடறு சாயம், கண்ணை மூடி ஒரு நொடி. மறுபடி ஒற்று. கோப்பை காலியாகும்போது கையில் நாலு பருக்கை மிஞ்சியிருக்கும். அதைப் பக்கத்தில் நிற்கிற குழந்தையின் வாயில் தட்டிவிடுவார். சீனிக்குப் பஞ்சமாயிருந்த காலத்துப் பழக்கம். இப்போது வீட்டில் சீனி டப்பா நிறைய இருக்கிறது. ஆனாலும் டாக்டர் சீனி வேண்டாம் என்று சொன்ன பிறகு இந்த முறைக்கு வைத்திய ஆதாரமும் கிடைத்துவிட்டது அவருக்கு.

அப்படி ஒற்றி ஒற்றிக் குடித்தபடிதான் ஆடி மாதத்துக் கதிர்காம டிரிப் உருவாகும். எந்த இடத்தில் நிறுத்தி என்ன சாப்பிடுவது என்பது முதலில் தீர்மானமாகும். அப்புறம்தான் பாதை. முதல் நாள் விடியற்காலைக்கு ரொட்டிக் கட்டு. மத்தியானத்துக்கு லஞ்ச் சீட்டில் மடித்த புளிச்சோறு, கிழங்குப் பிரட்டல், நெத்தலிக் கருவாடு. வெலிமடை, பண்டாரவளை தாண்டி எல்லயில் ராவணன் நீர்வீழ்ச்சியருகே பஸ் நிற்கும். எல்லோரும் தண்ணீரைப் பார்க்கும்போது மாமா வேறு திசையில் நடந்து ஒரு கடைக்குள் புகுந்திருப்பார். அந்த மாதங்களில் ஊவாப் பக்கம் கச்சான் காற்று அடிக்கும். நம் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு மலை தாண்டி வறண்டு இறங்குகிற அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் பேர்போன வாசம் ஏறுகிறது. உலகத்து வியாபாரிகள் காத்திருந்து வாங்குகிற வாசம். மாமா ஒரு பிளேன்டீயை வாங்கி மூக்கருகே கொண்டுபோய், “ம்” என்பார். போட்டி ஊர்க்காரனுக்கு அதற்குமேல் அவர் வாயிலிருந்து வராது. நம் பக்கத்துத் தேயிலைக்கு நல்ல காலம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. உறைபனி கொழுந்தைக் கருக்கி, வறள் காற்று உதட்டை வெடிக்கவைக்கிற அந்த மாதங்களை அவர் ஒரு ‘ம்’மில் முடிக்கமாட்டார்.

வெல்லவாயவுக்குக் கீழே இறங்கிவிட்டால் கடைத் தேத்தண்ணி எதையும் அவர் நம்பமாட்டார். ஃபெக்டரி டீமேக்கரிடம் சொல்லி வாங்கிய பிஓபிஎஃப் தூள் ஒரு பொட்டலம் பையில் வரும். கதிர்காமத்தில் கடைக்குள் போய்ச் சிங்களத்தில் கேட்பார்: முதலாளி, வெந்நீர் மட்டும் கொடு, தூள் நம்மிடம் இருக்கிறது. முதலாளி வெந்நீருக்கும் பிளேன்டீ விலையே கேட்பான். அந்த வழக்கு தீருவதற்குள் மாணிக்க கங்கையில் குளிக்கப் போனவர்கள் தலை துவட்டித் திரும்பியிருப்பார்கள். கோயிலில் திரைக்குப் பின்னால் பூசை நடக்கும்போது மட்டும் மாமாவின் கை கூப்பியபடி இருக்கும்; கண்ணில் தண்ணீர் நிற்கும். வெளியே வந்ததும், “தயிர் முட்டி எங்க நல்லாருக்கும்னு கேளு. கித்துள் பாணியும் சேத்து.”

இதில் மாமியின் இடம் என்ன என்று கேட்கலாம். மாமி எந்த டிரிப்புக்கும் காசு கட்டியதில்லை. எந்த டிரிப்பையும் விட்டதுமில்லை. சமையல் கிடாரத்தோடு கடைசிச் சீட்டில் வருவார். “இவரு ஊரு பாக்குறாரு, நான் கிடாரம் பாக்குறேன்” என்பது இத்தனை யாத்திரைகளைப் பற்றி மாமி செய்திருக்கும் ஒரே விமர்சனம். நியாயமான விமர்சனம்தான். பஸ்ஸில் யாரும் மறுத்துப் பேசியதில்லை; சோறு அவர் கையில் அல்லவா இருக்கிறது.

தீபாவளிக்கு மாமா எங்கும் போகமாட்டார். அப்போது ஊரே அவரிடம் வரும். கொழும்புக் கடைகளில் நிற்கிற பையன்கள் ரயிலிலும் பஸ்ஸிலும் நசுங்கி ஹட்டனில் இறங்குவார்கள். தோட்டத்தில் தீபாவளி அட்வான்ஸ் கைக்கு வந்திருக்கும். லயத்துக்கு லயம் ஆட்டிறைச்சிக் குழம்பு கொதிக்கும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு துண்டு தின்று பார்த்து, யார் வீட்டில் மிளகு தூக்கல், யார் வீட்டில் ஆடு கிழடு என்று மாமா தீர்ப்புச் சொல்லிக்கொண்டே போவார். போகிற போக்கில் கொப்பி திறக்கும். மார்கழிப் பௌர்ணமிக்கு சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்குகிறதே. பையன்கள் கையில் காசு இருக்கிற நாள் இதைவிட்டால் வேறு ஏது?

நல்லதண்ணியிலிருந்து ஏறினால் 2,243 மீட்டர் உச்சிக்கு ஆயிரக்கணக்கில் படி. படி ஏற ஏறத் தேத்தண்ணி விலையும் ஏறும் என்பதால் மாமா அடிவாரத்திலேயே ரெண்டு கோப்பை குடித்துவிட்டுக் கிளம்புவார். வழியில் எதையும் பார்க்காத காரணத்தால் எல்லோருக்கும் முதலில் உச்சியில் நிற்பார். எத்தனை தடவை ஏறினோமோ அத்தனை தடவை மணியடிப்பது அங்கே வழக்கம். மாமா அடிக்கத் தொடங்கினால் பின்னால் வரிசை இருமும். எண்ணிக்கொண்டு நின்ற ஒரு பையன் கேட்டே விட்டான்.

“போன வருசம் 19 தானே மாமா அடிச்சீங்க? இப்ப 27 ஆயிருச்சே?”

“நடுவுல அடிக்க மறந்ததையும் சேத்துத்தான்டா.”

சூரியன் வந்தது. மேற்கே மலையின் முக்கோண நிழல் மேகத்தில் விழுந்து எல்லோரும் வாய்பிளந்து நின்ற அந்தச் சில நிமிடத்தில், மாமா இறங்கிப்போகிற வரிசையில் முதல் ஆளாக நின்றார்.

இவர் கடல் தாண்டியும் ஒரு தரம் போனவர். 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டதில், பின்னால் ஒரு வருசம் இவருடைய அக்கா குடும்பம் கப்பலேறி, கடைசியில் கோத்தகிரியில் ஒதுங்கியது. மகன் வெளிநாட்டிலிருந்து டிக்கெட் போட்டுக்கொடுக்க, மாமா பிளேனில் போய் வந்தார். திரும்பிய அன்று லயமே இஸ்தோப்பில் கூடிவிட்டது.

“அங்க எப்படி மாமா?”

“மலை. தேயிலை. மழை. லயம். எல்லாம் இருக்கு. தேத்தண்ணியில மட்டும் பாலை ஊத்திக் கெடுத்து வச்சிருக்கானுங்க.”

“அக்கா எப்படி இருக்காங்க?”

“ரொட்டி சுடுறா. மறக்கல. தேங்காதான் கொஞ்சம் கம்மியாப் போடுறா, அங்க வெல போல.” கையில் இருந்த சீனியை ஒருதரம் ஒற்றிக்கொண்டார். “நம்ம கட்டச் சம்பலைப் பக்கத்து வீட்டுக்காரிக்கெல்லாம் பழக்கி வச்சிருக்கா. எல்லாரையும் ஒரு தடவை கூட்டிட்டு வாறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

“எதுல? பஸ்லயா?” என்றார் உள்ளேயிருந்து மாமி.

“காங்கேசன்துறைக்கு பஸ். அங்கேருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல். 2023-லேருந்து விடுறானுங்களே, பேப்பர் படிக்கிறதில்லையா?” மாமா சாக்குக்கு அடியில் கைவிட்டுக் கொப்பியை எடுத்தார். “ஆளுக்கு எவ்வளவுன்னு கேட்டுச் சொல்றேன். இப்போதைக்கு முற்பணம் குடுத்து வைங்க. கப்பல்ல கிடாரம் ஏத்த விடுவானான்னு தெரியல, அதையும் விசாரிக்கணும்.”