பட்டாசலில் பாய் போதும்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் இருக்கிறது மேலகரம். அங்கே வீடு கட்டுகிறவருக்கு இந்த ஒரு தகவலே போதுமான எச்சரிக்கை. ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவக்காற்று மலைதாண்டிச் சாரலைக் கொண்டுவரும். பின்னாலேயே பொதிகை எக்ஸ்பிரஸ் சொந்தபந்தங்களைக் கொண்டுவரும். ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் குடியிருந்தபோது ராஜாஜியும் கல்கியும் விருந்தாளிகளாகப் போனார்கள். அது இலக்கிய வரலாறு. நம் வீட்டுக்கு அத்தையும் மாமாவும் நாலு பிள்ளைகளும் வந்தால் அது தலையணைக் கணக்கு. இந்தக் கணக்கைத் தீர்க்கத்தான் இப்போது புது வீட்டு பிளான்களில் அடுக்குக் கட்டில் போட்ட அறை ஒன்று முளைக்கிறது. பிள்ளைகளுக்கும் ஆச்சு, விருந்தாளிக்கும் ஆச்சு என்கிறார் இன்ஜினியர். அந்த அறையைக் காலியாக விட்டாலே ரெண்டு பேருக்கும் ஆகும் என்பது என் கட்சி.

அளந்தே பார்த்துவிடலாம். பட்டாசல், அதாவது வீட்டின் கூடம், பன்னிரண்டுக்குப் பதினாறு என்றால் 192 சதுர அடி. ஆறடிக்கு மூன்றடிப் பாய் 18 சதுர அடி. ராத்திரி எழுந்து போகிறவர் யார் காலையும் மிதிக்காதபடி வழி விட்டாலும் எட்டுப் பேர் தாராளமாக நீட்டிப் படுக்கலாம். 'ஒரு பாய் இடத்தில் ரெண்டு பேரைப் படுக்க வைக்கிறோமே, அது லாபமில்லையா?' என்பார்கள் அடுக்குக் கட்டில்காரர்கள். ராத்திரிக்கு லாபம்தான். விடிந்தால் பாய் சுருண்டு மூலைக்குப் போய்விடும். கட்டில் எங்கே போகும்? சீசன் முடிந்தபின் அந்த ஏணி துண்டு காயப்போடத்தான் உதவும். இதைவிடப் பெரிய சிக்கல் தலைக்கு மேலே சுற்றுகிறது. நம் வீடுகளில் கூரை பெரும்பாலும் பத்தடி. அதிலிருந்து ஓரடி இறங்கி ஃபேன். மேல்தட்டு ஐந்தடியில் இருந்தால், நாலடிப் பிள்ளை அதில் எழுந்து நிற்கும்போது தலை எங்கே இருக்கும் என்று கூட்டிப் பாருங்கள். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை மேல்தட்டில் படுக்க வைக்காதீர்கள் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் சொல்கிறது. சரி, பெரியவர்களை ஏற்றலாமா? ரயிலில் லோயர் பெர்த்துக்காகப் பெட்டி முழுக்கக் கெஞ்சிவிட்டு வந்த மாமாவுக்கு, தென்காசியில் இறங்கிய பிறகும் அப்பர் பெர்த்தா?

பிள்ளைகளுக்கு அதுதானே ஆசை என்று கேட்கலாம். ஆசை ஏறுவதில், தூங்குவதில் இல்லை. ஆறு பிள்ளைகளுக்கு ரெண்டு மேல்தட்டு என்றால் ராத்திரி பத்து மணிக்கு வீட்டில் பஞ்சாயத்து கூடும். பாயிலும் ஃபேனுக்கு நேர் கீழே யார் என்ற வழக்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் தோற்றவர் உருண்டே அந்த இடத்தைப் பிடித்துவிடலாம். முழங்கால் வலிக்கிற ஆச்சி தரையில் உட்கார்ந்து எழ முடியாது என்பது மட்டும் நியாயமான ஆட்சேபம். அவருக்கு ஒரே ஒரு தாழ்வான கட்டில் போடுங்கள், அடியில் தலையணைகளை அடுக்குங்கள். சாரல் நாளில் தரை ஜில்லென்றிருக்கும் என்பவர்களுக்கு ஜமுக்காளம் விரித்து, அதன்மேல் பத்தமடைப் பாய். குறட்டைக்கு மட்டும் எந்தக் கட்டிலிலும் மருந்தில்லை.

பணத்தைச் செலவழிக்க வேண்டிய இடங்கள் வேறு. அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் ஆளுக்கொரு ஈரத்துண்டோடு வருவார்கள். சாரலில் அது வெளியே காயாது. ஆகவே சுவருக்குச் சுவர் ரெண்டு கொடி. எண்ணெய் தேய்த்த தலைகளுக்காக, கறை தெரியாத அடர்நிறத் தலையணை உறை. எத்தனை போன் வருமோ அத்தனை பிளக் பாயின்ட். ஜன்னலுக்குக் கம்பிவலை அவசியம்: மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சியில் பாடிவைத்த வானரங்களின் வாரிசுகள், பிஸ்கட் பாக்கெட் எந்தப் பையில் இருக்கிறது என்பதை விருந்தாளிக்கு முன்பே கண்டுபிடித்துவிடும்.

இதெல்லாம் போக, கட்டிலுக்கென்று ஒதுக்கிய பணத்தில் மிச்சம் இருக்கும். அதில் இன்னொரு கழிப்பறை கட்டிவிடுங்கள். குளிக்க அருவி இருக்கிறது. காலை ஆறு மணிக்கு வரிசை நிற்பது மற்றதற்குத்தான்.