தாத்தா போட்ட ஏழு மாதம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று, துவரம்பருப்புக் கணக்கு எழுதும் அதே அட்டை நோட்டில் அப்பா என் மார்க்கை எழுதினார். கணிதம் 170, இரண்டால் வகுத்து 85. இயற்பியல் 168, நான்கால் வகுத்து 42. வேதியியல் 177, அதையும் நான்கால் வகுத்து 44.25. ஆகக்கூடி, இருநூறுக்கு 171.25. அதுதான் கட் ஆஃப். உயிரியலில் நான் 191 வாங்கியிருந்தேன். “அது எதுல சேரும்?” என்றார். எதிலும் சேராது என்றேன். தமிழ், இங்கிலீஷும் சேராது. வந்த மூட்டையில் பாதி உமி என்று தெரிந்த முகத்தோடு நோட்டை மூடினார்.

அது 2010. நுழைவுத்தேர்வை ஒழித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதனால் தோற்றுத் தப்பிக்கவும் வழியில்லை. எங்கள் அருப்புக்கோட்டைத் தெருவில் 171.25 எடுத்தவன் இன்ஜினியர்தான். எந்த இன்ஜினியர் என்பதுதான் பாக்கி.

அதற்கு யாரும் கூப்பிடாமலே ஒரு கமிட்டி கூடியது. கலைக்கல்லூரியில் மேஜர் என்பார்கள், இன்ஜினியரிங்கில் பிராஞ்ச் என்பார்கள். எங்கள் வீட்டில் எல்லாமே குரூப்தான், ரத்தம் உட்பட. மாமா அப்போது வீடு கட்டிக்கொண்டிருந்தார்; சிவில் என்றார். மேஸ்திரி மீது அவருக்கிருந்த சந்தேகத்தை நான் நான்கு வருஷம் படித்து ஊர்ஜிதப்படுத்த வேண்டும். பெரியப்பா, “ஆம்பளப் பய மெக்கானிக்கல்தான் எடுக்கணும்” என்றார். வேறு காரணம் அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. அத்தான் ஈசிஈ என்றார். ஈசிஈ என்றால் என்ன அத்தான் என்று கேட்டேன். “நல்ல குரூப்பு” என்றார். அம்மாவுக்கு மட்டும் தெளிவான கொள்கை இருந்தது: எதுவானாலும் சரி, சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

மூன்றாம் நாள் அத்தைக்கு மனசு கேட்கவில்லை. “பிள்ளைக்கு என்ன ஆசைன்னு யாராச்சும் கேட்டீங்களா?” என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று மூன்று நாளாகப் பொருமிக்கொண்டிருந்தவன் நான். கேட்ட பிறகுதான் தெரிந்தது, சொல்ல என்னிடம் எதுவுமே இல்லை. காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கமிட்டி பெருமூச்சு விட்டு வேலையைத் தொடர்ந்தது.

ஒரே கட் ஆஃபில் பல பேர் இருந்தால் என்ன செய்வார்கள் என்பதை கவுன்சலிங் கையேட்டில் படித்துக் காட்டினேன். முதலில் கணித மார்க்கைப் பார்ப்பார்கள், அப்புறம் இயற்பியல், அப்புறம் நான்காவது பாடம். (கைவிடப்பட்ட உயிரியல் இங்கே ஒருமுறை தலைகாட்டிவிட்டுப் போனது.) அதுவும் சமம் என்றால் பிறந்த தேதி, மூத்தவருக்கு முன்னுரிமை. அதற்கும் அசையாவிட்டால் கம்ப்யூட்டர் போடும் ரேண்டம் நம்பர். பிறந்த தேதி என்றதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது எனக்கு வயது பற்றவில்லை. டிசம்பரில் பிறந்த என்னை, தாத்தா தலைமையாசிரியரிடம் பேசி அதற்கு முந்தைய மே மாதமே பிறக்க வைத்தார். “அன்னைக்கு எங்கப்பா போட்ட ஏழு மாசம், எங்க வந்து நிக்குது பாரு!” சாயங்காலம் தாத்தா படத்துக்கு இரண்டு முழம் மல்லிகை ஏறியது.

கவுன்சலிங் அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் அப்போது அரசு பஸ்ஸில் மாணவனுக்கும் கூட வரும் ஒருவருக்கும் பாதி டிக்கெட். மாமாவும் கிளம்பியதால் அவருக்கு முழு டிக்கெட். விழுப்புரம் வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வாசலில் தனியார் கல்லூரிக்காரர்கள் நோட்டீஸும் பையுமாக மொய்த்தார்கள். அப்பா ஆறு பை வாங்கிக்கொண்டார், கடைக்கு ஆகுமென்று. உள்ளே பெரிய திரையில் கல்லூரி வாரியாகக் காலியிடங்கள் ஓடின. 14 இருந்தது 11 ஆனது, 11 பார்த்துக்கொண்டிருக்கும்போதே 9 ஆனது. விருதுநகர் கமிஷன் மண்டியில் வத்தல் ஏலம் பார்த்தவர் அப்பா. “சீக்கிரம் போகணும்டா, சரக்கு தீருது” என்று என் முதுகில் கை வைத்துத் தள்ளினார். மாமா வெளியே நிற்க வேண்டியதாயிற்று. முழு டிக்கெட் விவகாரம் புதுப்பிக்கப்பட்டது.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அக்கா, “சொல்லுப்பா” என்றார். கமிட்டி எழுதித் தந்த சீட்டு அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது. மூக்குக் கண்ணாடி பையில் இருந்தது. எந்தப் பையில் என்பதுதான் கேள்வி. ஆறு பையையும் அவர் கவிழ்த்து முடிப்பதற்குள் நாங்கள் குறிவைத்த கல்லூரியில் ஈசிஈ இரண்டு, ஒன்று, இல்லை.

“ட்ரிபிள் ஈ ஒண்ணே ஒண்ணு இருக்கு சார்.”

கடைசி ஒன்று என்று சொல்லி எத்தனையோ சரக்கைத் தள்ளிவிட்டவர் அப்பா. இருந்தும் அந்தச் சொல்லுக்கு அவராலும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. “போடும்மா” என்றார். போட்டார். எனக்கு என்ன ஆசை என்று அந்த அக்காவும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

2018-இல் கவுன்சலிங் இணையத்துக்குப் போய்விட்டது. இப்போது பிள்ளைகள் கட்டிலில் படுத்தபடி வரிசையாகச் சாய்ஸ் கொடுக்கிறார்கள். பாவம், ஒரு பைகூடக் கிடைப்பதில்லை.

மறுநாள் காலை வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா, “என்ன குரூப்பு கெடச்சுது?” என்றாள்.

“கரண்ட்” என்றார் அப்பா.

மிக்ஸி ஒரு வாரமாக ஓடவில்லை, ரிப்பேருக்குக் கொடுக்க ஒரு துணிப்பையில் சுற்றி வாசலில் வைத்திருந்தாள். அப்பா அதை எடுத்துப் பத்திரமாகப் பரண் மேல் வைத்தார்.

“நாலு வருஷம் அம்மியில அரை” என்றார்.