வராத நோய்க்கு பில் வராது

கேள்வி: நோய் நொடி எதுவும் இல்லாத 12 வயதுப் பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடச் சொல்கிறார்களே, ஆயிரக்கணக்கில் வீண்செலவுதானே?
— வாசகி, தேனி

பதில்: வீண்செலவாகத் தோன்றுவது நியாயமே. வந்த நோய்க்கு ஆஸ்பத்திரி பில் கொடுக்கும். வராத நோய்க்கு யார் கொடுப்பார்கள்? அதனால்தான் தடுப்பூசியின் லாபம் எந்த வீட்டுக் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஸ்காட்லாந்தைப் பாருங்கள். அங்கே 2008 முதல் பள்ளிச் சிறுமிகளுக்கு இந்த ஊசி போடுகிறார்கள். 12, 13 வயதில் போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் பதிவாகவில்லை என்று 2024இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஒருவருக்குக்கூட! இந்த நோயை உண்டாக்கும் வைரஸ் உடலுக்குள் நுழையும் முன்பே போட்டால்தான் முழுப் பலன். அதனால்தான் 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்கிறார்கள்.

செலவும் இறங்கியிருக்கிறது. புனே சீரம் நிறுவனம் 2023இல் கொண்டுவந்த 'செர்வாவாக்' தடுப்பூசி ஒரு தவணை 2,000 ரூபாய் விலையில் வந்தது. 20 வயது வரை ஒரே தவணையும் போதுமான பாதுகாப்பு தரும் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததால், ஒரே தவணைக்கு மாறும் அரசுகளின் ஊசிச் செலவு ஏறக்குறைய பாதியாகிறது.

மறுபக்கம், இந்த நோய் பெரும்பாலும் நடுவயதில் தாக்குகிறது. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, பயணச் செலவு, இழந்த கூலி, பிள்ளையின் நின்றுபோன படிப்பு... இதில் எதை 2,000 ரூபாயில் அடக்குவீர்கள்?

ஊசி போட்டாலும் 30 வயதுக்குமேல் பரிசோதனை அவசியம். மகளுக்கு ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அப்படியே உங்கள் பரிசோதனைக்கும் நாள் குறித்துக்கொண்டு வாருங்கள்.