பூட்டு காக்கும் பெருந்தகையீருக்கு ஒரு விண்ணப்பம்

மாட்சிமை பொருந்திய டேப்லெட் கொள்முதல் குழுவினருக்கு,

குன்றத்தூரிலிருந்து எழுதுகிறேன். நல்ல நிலையில் இருக்கும் ஒரு மலிவு விலை டேப்லெட், பாடச் செயலி எதுவும் இனி தனக்குப் பொருந்தாது என்று போன வாரம் கைவிரித்துவிட்டது. திரையில் கீறல் இல்லை, பேட்டரியும் தாங்குகிறது; வயதானது உள்ளே இருக்கும் ஆண்ட்ராய்டுக்கு மட்டும்தான். அதை எடுத்துவிட்டு இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போடலாம் என்றால், கருவியை எழுப்பும் நிரலான பூட்லோடர் பூட்டிக் கிடக்கிறது. சாவி, டேப்லெட்டைத் தயாரித்தவரிடம்; அவரோ அடுத்த மாடலில் மும்முரம். இப்படிப்பட்ட பூட்டுகளை லட்சக்கணக்கில் வாங்கிக் குவிக்கும் வல்லமை உங்களுக்கு உண்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உங்களுக்கும் ஒன்று கிடைக்கத்தான் வேண்டும். ஒரே சங்கடம், திண்டுக்கல்லில் பூட்டு வாங்கினால் சாவியும் தருகிறார்கள்.

டேப்லெட் என்றாலே அப்படித்தான் என்பீர்கள். ஆனால் 2011-இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸும் அவற்றில் இருந்தது. அது அரசு நிறுவனமான சென்னை சிடாக் உருவாக்கியது. அந்த மடிக்கணினியில் இன்றும் ஒரு பென்டிரைவைச் செருகிப் புதிய லினக்ஸைப் போட முடியும். கணினியின் பாகங்கள், நீ யார் என்று கேட்டால் பதில் சொல்லும்படி அமைந்தவை. டேப்லெட்டின் ஏஆர்எம் சில்லுகள் பெரும்பாலும் அப்படிச் சொல்லாது. தொடுதிரைக் கட்டுப்படுத்தி எந்தக் கம்பியில் இருக்கிறது, திரைக்கு எவ்வளவு மின்னழுத்தம் என்பதையெல்லாம் டிவைஸ் ட்ரீ என்ற கோப்பில் எழுதிவைத்தால்தான் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குத் தெரியும். ஆக, பூட்லோடர் ஒரு பூட்டு, வெளியே வராத அந்த வரைபடம் இன்னொரு பூட்டு. இத்தனைக்கும் ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல். அதன் உரிமம் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு. கருவியை விற்பவர் மூலநிரலையும் கூடவே தர வேண்டும், இல்லையேல் கேட்பவர் எவருக்கும் தருவதாக மூன்றாண்டுக்குக் குறையாத எழுத்து உறுதி கொடுக்க வேண்டும் என்கிறது அது. நாங்கள் கேட்பது சலுகை அல்ல. உங்களைப் போலவே எங்கள் ஊர்க்காரரான சேக்கிழாரும் சோழனிடம் அமைச்சராக இருந்த அரசு ஊழியர்தான். அவர் எழுதியதை யார் வேண்டுமானாலும் படியெடுத்ததால்தான் ஓலை மக்கிய பிறகும் நூல் மிஞ்சியது.

விலை குறைந்தால் பூட்டு கூடும் என்ற உங்கள் தத்துவத்தை அரசின் மலிவு விலை ஆகாஷ் டேப்லெட்டே பொய்யாக்கியது. 2011 அக்டோபரில் டெல்லியில் வெளியான முதல் ஆகாஷில் 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி நினைவகம். தொட்டால் யோசித்துத்தான் பதில் சொல்லும். 2012 நவம்பரில் வந்த ஆகாஷ் 2-க்கு அரசு கொடுத்த விலை 2,263 ரூபாய், உள்ளே ஆல்வின்னர் ஏ13 சில்லு. மும்பை ஐஐடியில் அதற்கென லினக்ஸைத் தயார் செய்து எஸ்டி கார்டிலிருந்தே ஓட்டிக் காட்டினார்கள். சூட்சுமம் எளியது: அந்தச் சில்லு விழித்தவுடன் முதலில் எஸ்டி கார்டைத்தான் எட்டிப் பார்க்கும். 2020-இல் ஏறக்குறைய 100 டாலருக்கு வந்த பைன்டேப் என்ற டேப்லெட் லினக்ஸோடே விற்பனைக்கு வந்தது. ஆக, கதவைத் திறந்துவைப்பதற்குத் தனிச் செலவில்லை. பூட்டத்தான் மெனக்கெட வேண்டும்.

திறந்துவிட்டால் மாணவர்கள் கெடுத்துவிடுவார்கள், தகவல் திருடு போகும் என்று கவலைப்படுவீர்கள். நியாயம். ஆனால் முறைப்படி பூட்லோடரைத் திறக்கும்போது ஆண்ட்ராய்டு உள்ளே இருக்கும் தகவல் முழுவதையும் அழித்துவிடுகிறது. பூட்டே வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. சாவி உங்கள் துறையின் கையில் இருக்கட்டும் என்கிறோம். மடிக்கணினியில் கொடுத்த பாஸ் லினக்ஸையே யார் தொட்டார்கள் என்றும் கேட்கலாம். முதல் நாளில் தொட வேண்டியதில்லை, ஐயா. புதுப்பிப்பு நின்றுபோகும் நாளில்தான் அதற்கு வேலை. பழைய டேப்லெட்டில் லினக்ஸ் போட்டால் கேமரா வேலை செய்யாமல் போகலாம், வீடியோ தடுமாறலாம் என்பதும் உண்மை. பாடநூல் பிடிஎஃப் படிக்கக் கேமரா எதற்கு? செலவையும் பாருங்கள்: 2024-இல் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு என்று 79,723 டேப்லெட்டுகள், 101.48 கோடி ரூபாய். ஒன்று ஏறக்குறைய 12,700 ரூபாய். இந்தப் பணம் எங்கள் வரி. காசு கொடுத்தவனுக்குத் தன் பொருளைத் திறக்க உரிமை இல்லை என்றால் அதற்குப் பெயர் கொள்முதல் இல்லை, வாடகை. அந்த வாடகையும் எத்தனை வருடத்துக்கு என்று யாரோ ஒரு கம்பெனி முடிவு செய்கிறது, நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள்! பொறுத்தருள்க, பூட்டுக் கலையின் புரவலர்கள் முன் குரல் உயர்ந்துவிட்டது.

இந்தப் பூட்டுச் சங்கதியை விளங்கவைக்கக் கலிபோர்னியாவிலிருந்து வல்லுநர் வர வேண்டியதில்லை. அனகாபுத்தூர், பம்மல் வழியாகப் பல்லாவரம் போனால் அடுத்தது குரோம்பேட்டை. அங்கே எம்ஐடி வளாகத்திலுள்ள ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சிடாக்கும் சேர்ந்து 2005-லேயே கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. 2025 தமிழக பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட்டோ மடிக்கணினியோ தருவதாக அறிவித்தார்கள். இனி டேப்லெட்டுக்கு டெண்டர் போடும்போது, திரை அளவுக்கும் உறையின் நிறத்துக்கும் நடுவே ஒரு நிபந்தனை சேருங்கள்: கெர்னல் மூலநிரலும் டிவைஸ் ட்ரீயும் பொருளோடு வர வேண்டும், பூட்லோடரைத் திறக்கும் வழி எழுத்தில் வர வேண்டும், அதுவரை பிணைத்தொகை திரும்பாது. பிணைத்தொகை என்றதும் எந்தச் சாவியும் கிடைத்துவிடும். இந்த வித்தை எங்களைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் பூட்டின் வெளிப்புறம் நிற்கும்
குன்றத்தூர்க் குடிமகன்