ஒத்தைக் கை டைப்பிஸ்ட்

எண்பதுகளில் எங்கள் ஊரில் பத்தாவது முடித்தவனுக்கு அடுத்த படி டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். லோயர் பாஸானால் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்து வைக்கலாம். சின்ன வயதுப் போலியோவில் என் வலது கை வலுவிழந்திருந்தது. மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏ எஸ் டி எஃப் இடது கைக்கு, சரி. செமிகோலன் எல் கே ஜே-யை யாரு அடிப்பா, உங்கப்பாவா?" என்றவர், ஃபீஸை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டு மூலையிலிருந்த பழைய ரெமிங்டனைக் காட்டினார்.

வரி முடிந்ததும் தள்ளுகிற லிவர் இடப்பக்கம் இருந்தது. அந்த மெஷினில் எனக்குத் தோதாக இருந்தது அது ஒன்றுதான். கேப்பிட்டல் 'பி' வேண்டுமென்றால் சுண்டுவிரலால் ஷிஃப்டை அமுக்கியபடி ஆள்காட்டி விரலை மறுகோடிக்கு நீட்ட வேண்டும். ஷிஃப்ட் லாக் போட்டு, எழுத்தை அடித்து, லாக்கை எடுப்பதற்குள் பக்கத்து மெஷினில் வரி முடிந்து மணி அடித்துவிடும். அமெரிக்காவில் ஆகஸ்ட் டுவோராக் என்பவர் இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று என்று தனித்தனி விசைப்பலகையே வகுத்து வைத்திருந்தார். எங்கள் தெருவுக்குச் சேதி வரவில்லை.

பிறகு விண்டோஸ் 95 வந்தது, கூடவே ஸ்டிக்கி கீஸ். ஷிஃப்டைத் தட்டிவிட்டு, விரலை எடுத்து, அப்புறம் சாவகாசமாக எழுத்தைத் தட்டலாம். ஷிஃப்டை ஐந்து தடவை தட்டினால் தானே எழுந்து வரும். ஆபீஸில் கேம் ஆடுகிறவர்களுக்கு அதுவே தொல்லை. ஆட்டத்தின் நடுவில் பெட்டி வந்து நின்றதும், "எவன்டா இதைக் கண்டுபிடிச்சான்" என்பார்கள். நான் வாயைத் திறக்காமல் அவர்களுடைய லீவ் லெட்டரையும் சேர்த்து அடித்துக்கொண்டிருப்பேன்.

1999-இல் அரசு அங்கீகரித்த தமிழ்99 விசைப்பலகை, உயிரெழுத்தை இடக்கைக்கும் மெய்யை வலக்கைக்கும் பாகம் பிரித்தது. என்னைக் கேட்டுப் பிரிக்கவில்லை. ஆனாலும் என் கைக்கு அதுதான் சௌகரியம். 'க'வை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானே விழுந்து 'க்க' ஆகிவிடும். ஷிஃப்ட் பெரும்பாலும் கிரந்தத்துக்குத்தான். தனித்தமிழ் அன்பர்கள் கொள்கைக்காக ஒதுக்கும் ஜ, ஷ, ஹ மூன்றையும் நான் சுண்டுவிரலை உத்தேசித்து முடிந்தவரை ஒதுக்குகிறேன். தமிழ்ப்பற்று என்று பெயர் கிடைத்திருக்கிறது.

இப்போது ஊரே ஒத்தைக் கை. போன் கீபோர்டை ஓரத்துக்குத் தள்ளித் தர ஒரு செட்டிங் இருக்கிறது. அது கூடச் சிரமம் என்பவர்கள் வாயால் சொன்னால் கூகுள் 2017 முதல் தமிழிலும் எழுதிக் கொடுக்கிறது. தம்பி மகன் ஒரு கையில் வடையைப் பிடித்துக்கொண்டு, மறு கைக் கட்டைவிரலால் யாருக்கோ வாட்ஸ்அப்பில் பக்கம் பக்கமாக அடிக்கிறான். நடுவில் நிமிர்ந்து என் கம்ப்யூட்டரைப் பார்த்தான்.

"ஒத்தைக் கையிலயே இவ்வளவும் அடிக்கிறீங்களே பெரியப்பா, கஷ்டமா இல்ல?"