விடைத்தாள் கட்டில் பாட்டுமுறை: ஓர் ஆய்வு

இரட்டைப் பதிவு முறையை முதன்முதலில் அச்சில் விளக்கிய லூக்கா பாசியோலியின் நூல் 1494-இல் வெனிஸில் வெளியானது. வெனிஸ் காயலுக்குள் நிற்கும் ஊர். ஆகவே காயல்கரைப் பிள்ளைகளுக்குக் கணக்குப்பதிவியல் பிறவியிலேயே வந்திருக்க வேண்டும். பழவேற்காட்டுப் பதினொன்றாம் வகுப்பில் வரவில்லை. 1613-இல் ஜெல்டிரியா கோட்டை கட்டித் துணி வியாபாரம் செய்த டச்சுக்காரர்களும் ஏரிக்காற்றில் பேரேட்டு ஞானம் எதையும் விட்டுச் செல்லவில்லை.

சிக்கலின் வேர் இருப்பாய்வு, அதாவது பற்றும் வரவும் பொருந்துகிறதா என்று பார்க்கும் பட்டியல். இரு பக்கமும் பொருந்தாவிட்டால் வித்தியாசத்தைத் தற்காலிகமாக அனாமத்துக் கணக்கில் வைக்கலாம் என்று பாடமே இடம் கொடுக்கிறது. பையன்கள் அதை உரிமையாகப் பிடித்துக்கொண்டார்கள். வலை வாங்கியது, ஐஸ் வாங்கியது, வியாபாரியிடம் பெற்ற முன்பணம் எல்லாம் அனாமத்தில். கூட்டுத்தொகை மட்டும் கச்சிதம். இன்னும் கெட்டிக்காரர்கள் இரண்டு தவறு செய்து ஒன்றால் மற்றதை மறைக்கிறார்கள். அதற்கு 'ஈடுசெய் பிழை' என்று மரியாதையான பெயரே உண்டு. இருப்பாய்வால் அதைப் பிடிக்க முடியாது. கடைசி வரியை மட்டும் பார்க்கும் ஆசிரியராலும் முடியாது.

ஏன் கடைசி வரியை மட்டும் பார்க்கிறார்? கட்டு பெரிது. நமது கருதுகோள் இதுவே: பெரிய வகுப்பில் ஆசிரியரின் விழிப்பு, ஏரி இறாலைப் போல, அள்ள அள்ளக் குறையும் பொதுவளம். முதல் தாள்களில் பேரேட்டுப் பக்க எண் விடுபட்டாலே அரை மதிப்பெண் வெட்டு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்திய தாள்களில் தேய்மானத்தைக் கழிக்காமல் கூட்டியவனுக்கும் சரிக்குறி. கட்டு பதிவேட்டு வரிசையில் இருப்பதால் அந்தோணி எல்லாத் தேர்விலும் வெட்டுப்படுகிறான், வேலு எல்லாத் தேர்விலும் தப்புகிறான்.

தீர்வு கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் மீனவர்களிடம் தலைமுறைகளாக இருக்கிறது: பாடு. ஏரியில் இறால் படும் இடமும் உண்டு, படாத இடமும் உண்டு. யாருக்கு எது என்று சீட்டுப் போட்டு, முறைவைத்து மாற்றிக்கொள்கிறார்கள். ஆசிரியரும் ஒவ்வொரு தேர்விலும் எந்தத் தாளில் தொடங்குவது என்று சீட்டெடுக்கலாம்.

மறுப்பு ஒன்று வரும்: பாட்டுரிமை ஆண்களுக்குத்தானே? உண்மை. வகுப்பிலோ அனாமத்தின் தயவில்லாமல் இருப்பாய்வைப் பொருத்துகிறவர்கள் பெரும்பாலும் பெண்பிள்ளைகள். எனவே அந்த விதியை மட்டும் கரையிலேயே விட்டுவிடுகிறோம்.

அகமதிப்பீட்டின் 10 மதிப்பெண்ணுக்குச் சீட்டு வேண்டாம். அதை எல்லாருக்கும் முழுசாகப் போட்டுவிடுவது வழக்கம். எதிர்ப்பதிவு எந்தக் கணக்கில் என்று இதுவரை எந்தப் பெற்றோரும் கேட்டதில்லை.